கவசத்தை எங்கெல்லாம் விட்டுவிடலாம்? மனிதர் செல்லும் அணுசக்தி விண்கலத்தின் எடைக் கணக்கு

செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்பும் பேச்சு வந்தால் அணுசக்தி ராக்கெட்டின் பேச்சும் கூடவே வந்துவிடும். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் வழக்கமான எஞ்சினில், ஒரு கிலோ எரிபொருள் தரக்கூடிய உந்துதலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த ஹைட்ரஜனை எரிக்காமல், அணு உலைக்குள் செலுத்திச் சூடாக்கி வெளியே பீய்ச்சினால், அதே ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு உந்துதல் கிடைக்கும். இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1955 முதல் 1973 வரை ரோவர், நெர்வா என்ற திட்டங்களில் அமெரிக்கா இத்தகைய எஞ்சின்களை நெவாடா பாலைவனத்தில் ஓட்டியே பார்த்தது. 1968-ல் ஃபீபஸ்-2ஏ என்ற சோதனை உலை 12 நிமிடம் 4,000 மெகாவாட் அளவில் ஓடியது.

ஆக, எஞ்சின் ஓடும். கேள்வி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறவர்களைப் பற்றியது. தரையில் இருக்கும் அணு உலையைச் சுற்றி மீட்டர் கணக்கில் கான்கிரீட் எழுப்பிவிடலாம். எடையைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். விண்கலத்தில் அப்படி முடியாது. கவசத்தில் ஒரு டன் கூடினால், அந்த ஒரு டன்னைத் தள்ள எரிபொருள் கூட வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்கத் தொட்டி பெரிதாக வேண்டும். அப்புறம் அந்தத் தொட்டியைத் தள்ள இன்னும் கொஞ்சம் எரிபொருள். அணுசக்தியால் கிடைத்த லாபம் முழுவதையும் கவசமே தின்று தீர்த்துவிடும் அபாயம் இதில் இருக்கிறது.

இந்தச் சிக்கலைக் கேள்விப்படுகிற பலருக்கும் முதலில் தோன்றுவது, "எடை குறைந்த, வலுவான புதுப் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தால் சரியாகிவிடுமே" என்பதுதான். பொருள் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உண்மையான மிச்சம் வருவது வேறு இடத்திலிருந்து. கவசத்தை எங்கே வைப்பது என்பதைவிட, எங்கெல்லாம் வைக்காமல் விடலாம் என்று பார்ப்பதில்தான் டன் கணக்கில் எடை குறைகிறது.

தடுக்க வேண்டியவை இரண்டு

யுரேனியம் அணு பிளக்கும்போது பல வகைக் கதிர்வீச்சு வெளிவருகிறது. ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் மறந்துவிடலாம். எரிபொருளையும் உலையின் உலோகச் சுவரையும் தாண்டி அவை வெளியே வராது. தொல்லை கொடுப்பவை காமா கதிர்களும் நியூட்ரான்களும். இவை இரண்டையும் ஒரே பொருளால் நன்றாகத் தடுக்க முடியாது என்பதுதான் கவச வடிவமைப்பின் முதல் தலைவலி.

காமா கதிரைத் தடுக்க எலக்ட்ரான்கள் நெருக்கமாக நிறைந்த, அடர்த்தியான பொருள் வேண்டும். ஈயம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் சூடான உலைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. டங்ஸ்டன் 3,400 டிகிரி வரை தாங்கும். ஒரு கன சென்டிமீட்டர் 19.3 கிராம், அதாவது ஈயத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி. யுரேனியம்-235 பிரித்தெடுக்கப்பட்ட பின் மிஞ்சும் யுரேனியமும் ஏறக்குறைய அதே அடர்த்திதான், அதையும் பயன்படுத்துவதுண்டு.

நியூட்ரானின் கதை தலைகீழ். அதற்கு மின்னூட்டம் கிடையாது, எலக்ட்ரான்களைச் சட்டை செய்யாது. நேராக அணுக்கருவில் மோதினால்தான் உண்டு. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காயில் மோதினால் வேகத்தைக் காயிடம் கொடுத்துவிட்டுத் தளர்ந்துவிடும். பலகையின் கட்டையில் மோதினால் அதே வேகத்தில் திரும்பி வரும். நியூட்ரானும் அப்படித்தான். தன் எடையே உள்ள ஹைட்ரஜன் கருவில் மோதினால் சராசரியாகப் பாதி ஆற்றலை இழக்கிறது. தன்னைப்போல 200 மடங்கு கனமான ஈயக் கருவில் மோதினால் இழப்பது ஒரு சதவீதம்தான். பிளவில் பிறந்த வேகமான நியூட்ரானை முழுக்க மந்தமாக்க ஹைட்ரஜனில் சுமார் 18 மோதல் போதும். வெறும் மோதலை மட்டும் நம்பினால் ஈயத்தில் 1,900-ஐத் தொடும்.

மந்தமாக்கினால் மட்டும் வேலை முடியாது. மந்தமான நியூட்ரானை ஏதாவது ஓர் அணுக்கரு விழுங்க வேண்டும். ஹைட்ரஜனே விழுங்கினால், விழுங்கிய கையோடு 2.2 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு காமா கதிரை வெளியே விடும். நியூட்ரானைத் தடுக்கப் போய்ப் புதிய காமாவை உண்டாக்கிய கதையாகிவிடும். லித்தியம்-6 என்ற வகை அணுவிடம் இந்தக் குறை இல்லை. நியூட்ரானை வாங்கிக்கொண்டு ஹீலியமாகவும் டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜனாகவும் உடைந்துபோகிறது. அந்தத் துண்டுகள் அங்கேயே நின்றுவிடும்.

ஹைட்ரஜனும் வேண்டும், லித்தியமும் வேண்டும் என்றால் லித்தியம் ஹைட்ரைடு. விண்வெளி உலைகளைப் பற்றிய எந்த அறிக்கையை எடுத்தாலும் இந்தப் பெயர் வந்துவிடும். தண்ணீரைவிட இலேசானது, ஒரு கன சென்டிமீட்டர் 0.78 கிராம்தான். அதன் எடையில் எட்டில் ஒரு பங்கு ஹைட்ரஜன். உருக 680 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். அதே சமயம் பழகுவதற்குச் சிரமமான பொருள். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும் என்பதால் காற்றுப் புகாத உலோகப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். கதிர்வீச்சு பட்டுப்பட்டு வீங்கும். பாலித்தீனில் ஒரு லிட்டருக்கு இதைவிட அதிக ஹைட்ரஜன் உண்டு, விலையும் மலிவு, ஆனால் நூற்றுச் சொச்சம் டிகிரியிலேயே இளகிவிடும். அதனால் பாலித்தீனுக்குக் குளிர்ச்சியான பக்கத்தில், பயணிகள் அறையின் சுவரில்தான் இடம்.

ஒரு சின்னக் கணக்கு

எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். கீழே வரும் தடிமன்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, எந்த உண்மையான கலத்தின் வரைபடமும் அல்ல.

உலை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றிலும் 10 சென்டிமீட்டர் டங்ஸ்டன், அதற்கு வெளியே ஒரு மீட்டர் லித்தியம் ஹைட்ரைடு. டங்ஸ்டன் 7.4 டன் வரும், லித்தியம் ஹைட்ரைடு 12.7 டன். மொத்தம் 20 டன்.

இப்போது வரிசையை மட்டும் மாற்றுவோம்: ஹைட்ரைடு உள்ளே, டங்ஸ்டன் வெளியே. அதே தடிமன்தான், அதே பொருள்தான். ஹைட்ரைடு 10.6 டன்னாகக் குறைகிறது. டங்ஸ்டனோ 58 டன்னாக எகிறுகிறது! பெரிய உருண்டைக்குப் பரப்பளவு அதிகம். அந்தப் பரப்பு முழுவதையும் கனமான உலோகத்தால் மூட வேண்டியிருக்கிறது. மொத்தம் 69 டன்னை நெருங்கிவிடும். கனமானதை உலையோடு ஒட்டி வை, இலேசானதை வெளியே வை என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான். (நடைமுறையில் இது இவ்வளவு சுத்தமாக இருக்காது. உலையிலிருந்து வரும் நியூட்ரான்கள் டங்ஸ்டனில் பட்டுப் புதிதாகக் காமா கதிர்களை உண்டாக்கும். அதனால் கொஞ்சம் ஹைட்ரைடு, கொஞ்சம் டங்ஸ்டன், மறுபடி ஹைட்ரைடு என்று அடுக்கடுக்காக வைப்பார்கள். அந்த அடுக்குகளின் தடிமனைத் தீர்மானிக்கக் கணினியில் கோடிக்கணக்கான நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்க்கிறார்கள்.)

சரி, 20 டன். அதுவும் அதிகம்தான். இப்போது பெரிய வெட்டுக்கு வருவோம்.

நிழல் போதும்

உலை எல்லாத் திசையிலும் கதிர்வீச்சை வீசுகிறது. மனிதர்கள் எல்லாத் திசையிலும் இல்லை. எட்டு மீட்டர் அகலமுள்ள பயணிகள் அறை உலையிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், வெளியேறும் கதிர்வீச்சில் 625-ல் ஒரு பங்குதான் அந்த அறையை நோக்கிப் போகிறது. மீதி 624 பங்கு வெட்டவெளிக்குப் போகிறது. அங்கே யாரும் இல்லை. வெற்றிடம் என்பதால் அதைத் தட்டித் திருப்பி அனுப்பக் காற்றும் இல்லை. அப்படியானால் அந்தத் திசைகளில் கவசம் எதற்கு?

இதுதான் நிழல் கவசம். உலைக்கும் மனிதர்களுக்கும் நடுவே மட்டும் ஒரு தடித்த வட்டக் கட்டையை வைப்பது. அதற்குப் பின்னால் கூம்பு வடிவத்தில் ஒரு கதிர்வீச்சு நிழல் விழும். கலத்தின் மற்ற பாகங்கள் எல்லாம் அந்தக் கூம்புக்குள் அடங்கிவிட வேண்டும்.

நம் கணக்கில் பொருத்தினால்: உலையின் ஒரு பக்கத்தில் மட்டும், அதன் அகலத்துக்கு, அறையின் விளிம்பை நோக்கி இலேசாக விரியும் ஒரு கட்டை. அதே 10 சென்டிமீட்டர் டங்ஸ்டன், அதே ஒரு மீட்டர் ஹைட்ரைடு. மொத்தம் சுமார் 2.3 டன். இருபதிலிருந்து இரண்டேகாலுக்கு வந்துவிட்டோம், எந்தப் புதுப் பொருளும் கண்டுபிடிக்காமல்.

625-ல் ஒரு பங்கு என்றால் 32 கிலோதானே வர வேண்டும், ஏன் 2.3 டன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உலை ஒரு புள்ளியாக இருந்தால் அப்படி ஒரு எண் வந்திருக்கும். அது ஒரு மீட்டர் அகலமுள்ள பொருள். அதன் ஒவ்வோர் ஓரத்திலிருந்தும் கதிர் கிளம்புகிறது. எந்த ஓரத்திலிருந்து பார்த்தாலும் அறை மறைந்திருக்க வேண்டும் என்றால் கட்டையும் அந்த அகலத்துக்கு இருந்தே ஆக வேண்டும். இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. உலையைச் சிறிதாக்கினால் கவசம் தானாகச் சிறிதாகும். மேலே உள்ள உலையின் விட்டத்தை அரை மீட்டராக்கிப் பாருங்கள்: கவசம் 600 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது.

விண்வெளி உலைகளுக்கு எவ்வளவு செறிவூட்டிய யுரேனியம், அதாவது எளிதில் பிளக்கும் யுரேனியம்-235-ன் பங்கை எவ்வளவு கூட்டிய யுரேனியம், என்ற சண்டை இத்தனை வருடமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 90 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டினால் உலை கச்சிதமாக அமையும். ஆனால் அது அணுகுண்டுக்கும் ஆகும் சரக்கு. கையாள, காவல் காக்க, ஏவ எல்லாவற்றுக்கும் கெடுபிடி. 20 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் கெடுபிடி குறையும், உலை பெரிதாகும். உலை பெருத்தால் கவசம் கனக்கும். அரசியல் காரணத்துக்காக எடுக்கப்படும் ஒரு முடிவு கிலோ கணக்கில் டங்ஸ்டனாக வந்து நிற்கிறது.

பறந்தவை சொல்லும் பாடம்

நிழல் கவசம் நிஜமாகவே பறந்திருக்கிறது. 1965 ஏப்ரல் 3-ம் தேதி அமெரிக்கா ஏவிய ஸ்நாப்-10ஏ, அந்த நாடு இதுவரை சுற்றுப்பாதைக்கு அனுப்பிய ஒரே அணு உலையைச் சுமந்து சென்றது. அதன் படத்தைத் தேடிப் பார்த்தால் ஒரு கூம்பு தெரியும். உச்சியில் சின்னதாக உலை, அதற்கு அடியிலேயே லித்தியம் ஹைட்ரைடு கவசம், கீழே வரவர விரியும் பாவாடை போன்ற வெப்பம் வெளியேற்றும் பகுதி. அந்தக் கூம்பு வடிவம் அழகுக்காக வந்ததல்ல. கலம் நிழலைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்ற விதி அப்படியே உருவம் எடுத்தது. சுமார் 500 வாட் மின்சாரம் தந்தது. 43 நாளில் நின்றுபோனது. உலையில் கோளாறு இல்லை, மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவி பழுதாகிவிட்டது. அதில் மனிதர்கள் கிடையாது. மின்னணுக் கருவிகளைக் காப்பாற்றத்தான் அந்தக் கவசம்.

நிழலுக்கு வெளியே என்ன நடக்கும் என்பதைச் சோவியத் யூனியன் தற்செயலாகக் காட்டிக்கொடுத்தது. கடலில் போர்க்கப்பல்களை ரேடார் மூலம் கண்காணிக்க அது முப்பதுக்கும் மேற்பட்ட அணு உலைச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. (அவற்றில் ஒன்றான காஸ்மோஸ் 954 தான் 1978 ஜனவரியில் கனடாவில் விழுந்து பெரிய ரகளையானது.) அதே காலத்தில் சூரியனை ஆராய்வதற்காக 1980-ல் அமெரிக்கா அனுப்பிய சோலார் மேக்ஸ் என்ற செயற்கைக்கோளின் காமா கருவியில் அவ்வப்போது காரணம் தெரியாத காமா துடிப்புகள் பதிவாயின. வந்த இடம் சூரியன் இல்லை. பக்கத்தில் கடந்துபோன சோவியத் உலைகளிலிருந்து வந்தவை. கவசம் அவற்றின் சொந்தக் கருவிகளின் பக்கம் மட்டும்தான் இருந்தது. மற்ற பக்கங்கள் திறந்தே கிடந்தன. இந்த விவரம் பல வருடம் ரகசியமாக வைக்கப்பட்டு, 1980-களின் இறுதியில்தான் வெளியே வந்தது.

காற்று இருந்தால் இந்த உத்தி எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1955 முதல் 1957 வரை அமெரிக்கா என்பி-36ஹெச் என்ற விமானத்தில் ஒரு மெகாவாட் உலை ஒன்றை ஏற்றி 47 முறை பறக்கவிட்டது. விமானத்தை ஓட்டியது வழக்கமான எஞ்சின்கள்தான். உலை சோதனைக்காக மட்டும். உலை வால் பக்கம், ஆட்கள் மூக்கில், நடுவே ஈயத் தடுப்பு. ஆனால் உலையிலிருந்து பக்கவாட்டில் போகும் நியூட்ரான்களும் காமாவும் காற்றில் பட்டுச் சிதறி, விமானி அறைக்குள் பக்கவாட்டிலிருந்தே வந்து சேரும். அதனால் விமானி அறையையே ஈயத்தாலும் ரப்பராலும் மூடினார்கள். அந்த அறை மட்டும் 10 டன்னுக்கு மேல். ஜன்னல் கண்ணாடி ஓரடித் தடிமனை ஒட்டி இருந்தது. அணுசக்தி விமானத் திட்டம் 1961-ல் கைவிடப்பட்டதற்கு இந்த எடையும் ஒரு காரணம். விண்வெளியில் வெற்றிடம் நமக்கு இலவசமாகத் தரும் சலுகை எவ்வளவு பெரியது என்று இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கலத்தின் எந்தப் பாகமாவது கூம்புக்கு வெளியே நீட்டினால் அது காற்றின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். ஓர் ஆன்டெனாக் கையோ, வெப்பத்தை வெளியேற்றும் தகட்டின் முனையோ போதும். நியூட்ரான் அதில் பட்டுச் சிதறி அறைக்குள் எட்டிப் பார்க்கும். அணுமின் விண்கல வரைபடங்களில் வெப்பத் தகடுகள் முக்கோணமாக, உலைப் பக்கம் குறுகி மறுபக்கம் விரிந்து இருப்பது இதற்காகத்தான்.

தூரமும் ஹைட்ரஜனும்

தூரத்தை இரட்டிப்பாக்கினால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகும். இது பள்ளியில் படித்ததுதான். நிழல் கவசத்தோடு சேரும்போது தூரம் இன்னொரு உதவியும் செய்கிறது: அறை தள்ளிப்போகப் போக, உலையிலிருந்து பார்த்தால் அது சிறிதாகத் தெரிகிறது, கூம்பு குறுகுகிறது, கட்டையின் விளிம்பில் கொஞ்சம் செதுக்கிவிடலாம். விண்வெளியில் நீளத்துக்குப் பெரிய விலை கிடையாது. எடையில்லாத இடத்தில் ஒரு நீளமான சட்டகம் தன்னையே தாங்கி நிற்க வேண்டியதில்லை. எஞ்சினின் தள்ளலைத் தாங்கினால் போதும். உலையில் மின்சாரம் தயாரித்து அதைக்கொண்டு தள்ளும் மின்சார உந்துகைக் கலத்தில் அந்தத் தள்ளல் மிக மென்மையானது. அதனால் பல பத்து மீட்டர் நீளத்துக்கு மடக்கி விரிக்கும் சட்டகம் வைக்கலாம். உலையே ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பீய்ச்சும் கலத்தில் தள்ளல் பலமாக இருக்கும். அங்கே வெறும் சட்டகத்துக்குப் பதில் வேறொன்று நடுவில் வந்து உட்காருகிறது: எரிபொருள் தொட்டி.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான். ஹைட்ரஜனை எப்படியும் சுமந்துதான் ஆக வேண்டும். அதே ஹைட்ரஜன்தான் நியூட்ரானுக்குச் சிறந்த தடுப்பு. திரவ ஹைட்ரஜன் மிக இலேசு, ஒரு கன மீட்டர் 71 கிலோதான். ஆனால் தொட்டி நீளமானது. பத்து மீட்டர் நீளத் தொட்டி நிரம்பியிருந்தால், குறுக்கே போகும் நியூட்ரான் கடக்க வேண்டிய ஹைட்ரஜன், ஒரு மீட்டர் லித்தியம் ஹைட்ரைடில் உள்ளதைப்போல ஏழு மடங்கு. அதுவும் கூடுதல் எடை ஒரு கிராம்கூட இல்லாமல்.

ஆனால் எஞ்சின் ஓட ஓடத் தொட்டி காலியாகும். எஞ்சின் கடைசியாக ஓடும் கடைசி நிமிடங்களில், உலை முழுச் சக்தியில் இருக்கும்போது, நடுவில் வெறும் காலித் தொட்டிதான் இருக்கும். பயணத்தில் எஞ்சின் ஓடும் நேரத்தில் பெரும்பகுதிக்கு வராத கதிர்வீச்சு அந்தச் சில நிமிடங்களில் கொட்டித் தீர்க்கும். அதற்குப் பல பரிகாரங்கள் உண்டு. பக்கவாட்டுத் தொட்டிகளை முதலில் காலிசெய்து கழற்றிவிட்டு, நடுத் தொட்டியைக் கடைசிக்கு வைப்பது ஒன்று. தொட்டியின் அடியைக் கூம்பாகக் குறுக்குவது இன்னொன்று. கொஞ்சமே மிஞ்சியிருக்கும் ஹைட்ரஜன் பரந்து கிடக்காமல் அங்கே ஆழமாகத் தேங்கி நிற்கும். இப்படிப்பட்ட தொட்டிகளை நெர்வா காலத்து வரைபடங்களிலேயே பார்க்கலாம். அந்த எஞ்சினுக்கு உலைப் பாத்திரத்துக்குள்ளேயே ஒரு கவசமும் உண்டு: போரான், அலுமினியம், டைட்டானியம் ஹைட்ரைடு கலந்தது. அது மனிதர்களுக்காக வைத்ததல்ல. நியூட்ரான் பட்டுத் தொட்டியிலுள்ள ஹைட்ரஜன் சூடாகிக் கொதித்துவிடக் கூடாது, பம்பு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. மனிதர்கள் ஏறினால் அதற்கு மேல் தனியாக இன்னொரு வட்டுக் கவசம்.

குடிநீர், உணவு, கழிவு எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அவற்றை அறையின் உலைப் பக்கச் சுவரில் அடுக்கினால் அதுவும் கணக்கில் சேரும். கழிவு நீர் கவசமாக இருப்பதை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். நியூட்ரானுக்குச் சுத்தம் அசுத்தம் தெரியாது.

எந்த உலை அதிக ஆபத்து?

எல்லோரும் பயப்படுவது ஹைட்ரஜனைச் சூடாக்கும் அந்தப் பூத உலைகளைப் பார்த்துத்தான். மின்சாரம் தயாரித்து மெதுவாகத் தள்ளும் சின்ன உலை சாதுவாகத் தெரியும். கவசக்காரர்களின் கணக்கு வேறு.

500 மெகாவாட் வெப்ப உலை ஒன்று பயணம் முழுவதும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 500 மெகாவாட்-மணி. 5 மெகாவாட் உலை ஒன்று ஒரு வருடம் இடைவிடாமல் ஓடினால் 43,800 மெகாவாட்-மணி. நூறு மடங்கு சிறிய உலை, பிளந்த அணுக்களின் எண்ணிக்கையிலோ 88 மடங்கு அதிகம். வெளியேறும் நியூட்ரான்களும் அதே விகிதத்தில். அதனால் மின்சார உந்துகைக் கலத்துக்குத்தான் தடித்த கவசமும் நீண்ட சட்டகமும் தேவைப்படுகின்றன.

எஞ்சினை நிறுத்திய பிறகும் உலை சும்மா இருக்காது. பிளவில் உண்டான துண்டுகள் காமாவை விட்டுக்கொண்டே இருக்கும். முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறையும். (ஏவும்போது இந்தத் தொல்லை இல்லை. ஒருபோதும் ஓடாத உலையிலுள்ள யுரேனியத்தின் கதிரியக்கம் மிகக் குறைவு. உலையை உயரமான சுற்றுப்பாதைக்குப் போன பிறகுதான் முதன்முதலாக இயக்குவார்கள்.) இதனால் கவசத்தில் சேமித்த எடைக்கு வேறு விதத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு கலம் வந்து இணைய வேண்டும் என்றால் நிழல் கூம்புக்குள்ளேயே, முன்பக்கமாக மட்டுமே வரலாம். விண்வெளி வீரர் வெளியே வந்து எஞ்சின் பக்கம் போய்ப் பழுது பார்ப்பது நடக்காது. கலம் வேறொரு விண்வெளி நிலையத்தின் அருகே போனால், அந்த நிலையத்தை நோக்கிக் கவசமில்லாத பக்கத்தைத் திருப்பக் கூடாது. மேலும், இப்படிப்பட்ட கலத்தை நேராகச் செவ்வாய்த் தரையில் இறக்க முடியாது. சுற்றிலும் தரை இருந்தால் எல்லாக் கதிரும் சிதறித் திரும்பும். நிலவிலோ செவ்வாயிலோ தரையில் உலை வைக்க வேண்டுமானால் குழிதோண்டி இறக்குவார்கள், இல்லாவிட்டால் மண்ணைக் கரையாகக் குவித்து, குடியிருப்பை ஒரு கிலோமீட்டர் வாக்கில் தள்ளிவைப்பார்கள்.

எவ்வளவு தடுத்தால் போதும்?

கடைசியாக, அறிமுக விளக்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கேள்வி இது. உலையின் கதிர்வீச்சை எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும்? பூஜ்யத்துக்கு என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். அது வீண் எடை.

உடல் வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். பூமியில் இயற்கையாகவே நாம் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். கியூரியாசிட்டி ஊர்தி 2011-12ல் செவ்வாய்க்குப் போன வழியில், அதனுள் இருந்த கருவி ஒரு நாளைக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் அளந்தது. அதாவது பூமியின் ஒரு வருடக் கணக்கு ஒன்றரை நாளில். போக ஆறு மாதம், வர ஆறு மாதம் என்றால் 650-ஐத் தாண்டும். நாசா தன் விண்வெளி வீரர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 600 தான். இவ்வளவும் உலையே இல்லாத கலத்தில்! இதில் பெரும்பகுதி விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் துகள்களால். அவை அசுர ஆற்றல் கொண்டவை, எல்லாத் திசையிலிருந்தும் வருபவை. நிழல் உத்தி அவற்றிடம் செல்லாது. கனமான கவசம் போட்டால் அதில் மோதிச் சிதறி இன்னும் பல துகள்களாகி உள்ளே வரும்.

அப்படியானால் உலையிலிருந்து வரும் பங்கை 50 மில்லிசீவர்ட்டிலிருந்து 5-க்கு இறக்குவதற்காக ஒன்றிரண்டு டன் சேர்ப்பது நல்ல பேரமா? மிச்சமாவது 45. அதே எடைக்கு ஹைட்ரஜன் ஏற்றிப் பயணத்தை வேகப்படுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். திரும்பும் நாளைக் கோள்களின் இருப்பிடம்தான் தீர்மானிக்கும் என்பதால், வழியில் மிச்சப்படுத்திய நாளைப் பெரும்பாலும் செவ்வாய்த் தரையில்தான் கழிக்க வேண்டியிருக்கும். அங்கே கியூரியாசிட்டி அளந்தது நாளைக்கு 0.64 மில்லிசீவர்ட்; காலுக்கடியில் இருக்கும் கோளே பாதி வானத்தை மறைத்துவிடுகிறது. ஆக, வழிப்பயணத்தில் ஒரு நாள் குறைந்தால் லாபம் சுமார் 1.2. நாற்பது நாள் குறைத்தால் 48. டங்ஸ்டன் தருவதைவிடக் கொஞ்சம் அதிகம், அதோடு எடையில்லாமையில் எலும்பு தேய்வதும் நாற்பது நாள் குறைகிறது. ஒன்றிரண்டு டன் ஹைட்ரஜனால் நாற்பது நாள் குறையுமா என்பது அந்தந்தக் கலத்தைப் பொறுத்தது; பெரிய கலத்தில் குறையாது, சிறியதில் ஓரளவு குறையலாம். கவச வடிவமைப்பாளரும் பாதை வகுப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. என்னைக் கேட்டால், ஆட்கள் வாங்கும் மொத்தக் கதிர்வீச்சில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உலைக்கு இடம் விட்டுவிட்டு, மிஞ்சும் ஒவ்வொரு கிலோவையும் சூரியப் புயலின்போது ஆட்கள் ஒதுங்கும் சின்ன அறைக்குக் கொடுப்பேன். 1972 ஆகஸ்டில், அப்போலோ 16-க்கும் 17-க்கும் நடுவே, அப்படி ஒரு புயல் அடித்தது. அந்த நேரத்தில் நிலவுக்குப் போகும் வழியில் யாரும் இல்லை.